கஞ்சா இலையில் வெள்ளை: சாம்பல் நோயா, ட்ரைக்கோமா? பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால், வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்ப்பவர்களுக்கு ஒரே கேள்விதான். இலையில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே, இது நல்லதா கெட்டதா? செடி பூக்க ஆரம்பித்து, ட்ரைக்கோம் எனப்படும் பிசின் சுரப்பிகள் பூவைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மின்னத் தொடங்குவது அப்போதுதான். பகலில் வெயில், இரவில் குளிர், விடியலில் பனி என்று பருவம் திரும்பி சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய் வந்து உட்காருவதும் அதே வாரங்களில்தான்.

இதில் எந்தப் பக்கம் தப்பாக நினைத்தாலும் நஷ்டம். முதல் வருடம் நான் ட்ரைக்கோமை நோய் என்று நினைத்தேன். சமையல் சோடாவும் சோப்பும் கலந்து நல்ல பூவின் மேல் தெளித்தேன். மூன்றாம் நாள் பூவின் வெள்ளை நார்கள் எல்லாம் பழுப்பாகிக் கருகின. அந்தக் கிளையை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வருடம் நேர் எதிர். உள்பக்கத்து இலைகளில் வெள்ளை தெரிந்தபோது "இந்தத் தடவை பிசின் நன்றாகப் பிடித்திருக்கிறது" என்று சந்தோஷப்பட்டேன். பத்து நாளில் பாதிச் செடி மாவு தூவியது போல் ஆகிவிட்டது. இரண்டு வருடமும் நான் பார்த்தது நிறத்தை மட்டும். பார்க்க வேண்டியவை வேறு மூன்று: வெள்ளை எங்கே இருக்கிறது, கிட்டத்தில் என்ன வடிவம், இரண்டு நாளில் வளர்கிறதா.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் கஞ்சா சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர்கள், ஒரு வீட்டுக்கு 4 செடி என்ற கணக்கில் சொந்த உபயோகத்துக்கு வளர்க்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 4 தான். வாடகை வீடு, அடுக்குமாடி என்றால் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் வளர்க்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் சொல்லிவிட்டது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிடுவது குற்றம். ஆகவே இது சட்டம் இடம் கொடுக்கிற ஊரில் வளர்ப்பவர்களுக்கான குறிப்பு.

இரண்டும் என்ன?

சாம்பல் நோய் ஊரில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்குப் புதிதல்ல. பூசணி, வெண்டை, உளுந்து இலைகளில் சாம்பலை அள்ளித் தூவினாற்போல் வருமே, அதே வகைதான். ஆனால் பயிருக்குப் பயிர் பூஞ்சை வேறு. கஞ்சாவில் கனடாவில் பெரும்பாலும் பார்ப்பது கோலோவினோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜமீர் புஞ்சா என்ற தாவர நோயியல் பேராசிரியர் கஞ்சாவைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார். இந்தப் பூஞ்சையும் அவற்றில் ஒன்று. பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடி, ஒரே குடும்பம். அந்தக் கொடியைத் தாக்கும் போடோஸ்ஃபேரா மாக்குலாரிஸ் என்ற பூஞ்சையும் கஞ்சாவில் தொற்றும்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையின் மேல்தான் வாழும். இலையின் மேற்பரப்பில் நூல் போலப் படர்ந்து, மேல்தோல் செல்லுக்குள் மட்டும் உறிஞ்சு குழலை இறக்கிச் சாற்றை எடுக்கும். உடம்பு முழுக்க வெளியில்தான் இருக்கிறது, அதனால்தான் நம் கண்ணுக்கு மாவாகத் தெரிகிறது. "ஒரு தடவை வந்தால் செடியின் சாற்றில் கலந்து உள்ளேயே ஓடும்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. நோய் வந்த செடியில் பதியன் எடுத்தால் புதுச் செடிக்கும் வருவது, மேலே ஒட்டியிருக்கும் வித்துகளாலும் (பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய துகள்கள்) நூல்களாலும்.

ட்ரைக்கோம் செடியின் சொந்த உறுப்பு. கஞ்சாவில் பிசின் சுரக்கும் ட்ரைக்கோம் மூன்று வகை: மிகச் சிறிய குமிழ் வகை, இலையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் வகை, காம்பு வைத்து நிமிர்ந்து நிற்கும் வகை. பூவில் பனி போல மின்னுவது மூன்றாவது வகை. காம்போடு சேர்த்தால் பெரியவை அரை மில்லிமீட்டர் வரை வரும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. பிசின் சுரக்காத வெறும் முடிகள். அகலமான இலையின் மேல்பக்கம் முழுக்கப் பூனை நகம் போல வளைந்த குட்டி முடிகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட், கட்டியாக இருக்கும். வெயில் சாய்வாக விழுந்தால் இவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இலை நுனியிலிருந்து காம்பை நோக்கி விரலை ஓட்டினால் சொரசொரக்கும். பூவே வராத இளஞ்செடியில் "வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது" என்று பதறுபவர்கள் பல நேரம் பார்ப்பது இதைத்தான்.

கையில் என்ன வேண்டும்

நகைக்கடையில் கல் பார்க்கும் லென்ஸ் ஒன்று போதும். 30 மடங்கு நல்லது, 60 மடங்கு இன்னும் நல்லது. வெளிச்சம் உள்ளதாக வாங்குங்கள். கூடவே ஒரு சின்ன டார்ச், கண்ணாடி டேப், ஈரமான டிஷ்யூ, கைபேசி. கைபேசி கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். குளோசப்பில் அது தானாகவே பிம்பத்தை மெருகேற்றிவிடும், பூஞ்சை நூல் எல்லாம் பூசினாற்போல் ஆகிவிடும். லென்ஸில் கண்ணால் பாருங்கள், பதிவுக்குப் படம் எடுங்கள்.

படி 1: தொடாமல் தள்ளி நின்று இடத்தைப் பாருங்கள்

ட்ரைக்கோம் பூவிலிருந்து வெளியே போகும். பூவில் அடர்த்தி, பூவை ஒட்டிய குட்டி இலைகளின் அடிப்பாகத்தில் அடர்த்தி, நுனிக்குப் போகப் போகக் குறைவு. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கீழ் இலைக்கு அது வராது. செடியின் உச்சியில், வெயில் படும் பூவில்தான் அதிகம்.

சாம்பல் நோய் பெரும்பாலும் கீழேயும் உள்ளேயும் ஆரம்பிக்கும். காற்றுப் படாத நடுப்பகுதி, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் அகல இலைகள், வேலியை ஒட்டிய பக்கம். அகல இலையின் நடுவில் தனியாக ஒரு வட்டம், பக்கத்து இலையில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வட்டம் என்பது முக்கியமான அடையாளம். ஒரு வித்து விழுந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் படர்வதால் அது வட்டமாக வருகிறது. ட்ரைக்கோம் இலையில் வட்டம் போடாது.

படி 2: டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

மாலை மங்கிய பிறகு செய்தால் இது நன்றாகத் தெரியும். டார்ச்சை இலைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். ட்ரைக்கோம் கண்ணாடித் துகள் போல ஒவ்வொன்றாக மின்னி மின்னி அணையும். சாம்பல் நோய் மின்னாது. சுவரில் வெள்ளையடித்த மாதிரி மங்கலாக, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருக்கும். பனித்துளி இருந்தால் எல்லாமே மின்னும் என்பதால் இலை காய்ந்திருக்க வேண்டும்.

படி 3: லென்ஸில் வடிவம்

முடிவு செய்வது இந்தப் படிதான், அவசரப்படாமல் பாருங்கள். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டு, லென்ஸைக் கண்ணுக்கு அருகே வைத்து, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். மேலிருந்து நேராகப் பார்க்காமல் இலை விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். நிற்பது எது, படுத்திருப்பது எது என்று அப்போதுதான் புரியும்.

ட்ரைக்கோம் என்றால் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி வைத்தது போல் இருக்கும். ஒரு காம்பு, மேலே ஒரு உருண்டைத் தலை. தலை கண்ணாடி போலத் தெளிவாகவோ, பால் போலவோ, முற்றியபின் தேன் நிறமாகவோ இருக்கும். பால் நிறம் வந்ததும் பயப்படுபவர்கள் உண்டு. அது முற்றுவதன் அறிகுறி. ஒவ்வொரு குண்டூசியையும் தனியாக எண்ண முடியும், நடுவே பச்சை இலை சுத்தமாகத் தெரியும். தலை உதிர்ந்துபோன மொட்டைக் காம்புகளும் கலந்திருக்கலாம். கை பட்ட இடத்தில், மழை அடித்த இடத்தில் அவை சகஜம்.

சாம்பல் நோய் என்றால் நூலாம்படை. ஒழுங்கில்லாத மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படர்ந்திருக்கும், அடியில் பச்சை மங்கலாகத் தெரியும். நோய் கொஞ்சம் முற்றியிருந்தால் அந்த இழைகளிலிருந்து குட்டிக் குட்டிக் கம்பங்கள் எழும்பி நிற்கும், ஒவ்வொன்றிலும் முட்டை வடிவ வித்துகள் மணி கோத்தாற்போல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஒரு வித்தின் நீளம் ஏறக்குறைய 30 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). 60 மடங்கில் அது மாவுத் துகள் போலத்தான் தெரியும். சங்கிலியை முழுசாகப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். ஆனால் குண்டூசித் தலை இல்லை, பின்னிய நூல் இருக்கிறது என்று லென்ஸிலேயே தெரிந்துவிடும். வளைந்த நகம் போன்ற முடிகள் சீரான இடைவெளியில் இருந்து, இழை எதுவும் இல்லையென்றால் அது மேலே சொன்ன சுண்ணாம்பு முடி, விட்டுவிடலாம்.

பூவின் மேலேயே நோய் வந்தால்தான் உண்மையில் கஷ்டம். குண்டூசிகளுக்கு நடுவே, காம்பிலிருந்து காம்புக்குத் தொங்கும் இழைகளைத் தேடுங்கள். ஆரோக்கியமான பூவில் ட்ரைக்கோம்களை இணைக்கும் நூல் எதுவும் இருக்காது. சிலந்திப் பேன் வலையும் இப்படித் தெரியலாம். வலை என்றால் இழை இழுத்துக் கட்டினாற்போல் நேராக, வெகுதூரம் போகும். அருகே பேனோ, முட்டையோ, இலையில் ஊசிமுனை மஞ்சள் புள்ளிகளோ இருக்கும்.

படி 4: துடைத்துப் பாருங்கள்

இதை முதலில் செய்யாதீர்கள். காய்ந்த விரலால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பறந்து அடுத்த இலைக்குப் போகும். ஈர டிஷ்யூவால், ஒரே ஒரு இலையில், மெதுவாக ஒற்றித் துடையுங்கள். சாம்பல் நோய் சுலபமாக வந்துவிடும். அடியில் இலை சற்று வெளிறியோ மஞ்சளாகவோ இருக்கலாம். ட்ரைக்கோம் அப்படித் துடைபடாது, டிஷ்யூ பிசுபிசுவென்று இழுக்கும், பிசின் வாசனை வரும். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

துடைத்ததும் போய்விட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். செல்லுக்குள் இறங்கிய உறிஞ்சு குழல் அங்கேயே இருக்கிறது. சில நாளில் அதே இடத்தில் திரும்ப வரும், அப்படி வருவதே ஒரு சாட்சி.

படி 5: இரண்டு நாள் பொறுங்கள்

லென்ஸிலும் தெளிவாகாவிட்டால், சந்தேகப்பட்ட இலையின் காம்பில் ஒரு நூலைக் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். 48 மணி நேரம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே நாணயத்தோடு இன்னொரு படம். ட்ரைக்கோம் இரண்டு நாளில் இடம் மாறாது, புதிதாக வட்டம் போடாது. சாம்பல் நோய் விளிம்பில் அகலமாகியிருக்கும், அல்லது பக்கத்தில் புதுப் புள்ளி வந்திருக்கும். வித்து விழுந்து கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், ஒரு வட்டத்தைப் பார்க்கும்போது இன்னும் தெரியாதவை ஏற்கெனவே இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டேப் சோதனை

வீட்டில் பிள்ளைகளின் மைக்ராஸ்கோப் இருந்தால் இதையும் செய்யலாம். கண்ணாடி டேப்பை வெள்ளையின் மேல் லேசாக ஒற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 100 மடங்கில் பாருங்கள். முட்டை வடிவ வித்துகள் கூட்டமாகவோ வரிசையாகவோ கிடந்தால் அதற்குமேல் சந்தேகம் இல்லை.

இரண்டும் இல்லாத வெள்ளைகளும் உண்டு. கடின நீரைத் தெளித்த இடத்தில் நீர் வடிந்த வழியே சுண்ணாம்புக் கறை பிடிக்கும். துளி காய்ந்த வடிவம் அப்படியே தெரியும், ஈரத்துணியில் போனால் திரும்ப வராது. ஆண் செடி அருகில் இருந்தால் மகரந்தம் இளமஞ்சள் தூளாக விழும். இலைப்பேன் சுரண்டிய இடம் வெள்ளி போலப் பளபளக்கும், ஆனால் மேலே தூள் எதுவும் இருக்காது. பூவுக்குள்ளிருந்து சாம்பலும் பழுப்புமாக மென்மையாக அழுகி வந்தால் அது மொட்டழுகல். அது சாம்பல் நோயைவிட வேகமானது. அந்தப் பூவை அன்றே வெட்ட வேண்டும்.

சாம்பல் நோய்தான் என்று தெரிந்தால்

முதல் வேலை, இலையை எடுப்பது. காற்று இல்லாத காலையில், இலையின் மேல் தண்ணீரை லேசாகப் பனி போலத் தெளித்து, பிளாஸ்டிக் பையை இலையோடு சேர்த்துக் கவிழ்த்து, பைக்குள்ளேயே காம்பை வெட்டிக் கட்டிவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். அப்புறம் செடியின் உள்பக்கத்தைத் திறந்துவிடுங்கள்: தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையுள்ள சிறு கிளைகள், நிழலில் கிடக்கும் இலைகள் எல்லாம் போகலாம். மழை பெய்தால்தான் இந்த நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு இலை நனைய வேண்டியதே இல்லை. காற்றில் ஈரப்பதம், நிழல், இதமான வெப்பம் இருந்தால் போதும். அதனால் தண்ணீரை நிறுத்துவதைவிடக் காற்றை உள்ளே விடுவதுதான் பலன் தரும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பூக்கும் காலத்தில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்து, இலைகள் லேசாக அசையும் அளவுக்கு மின்விசிறி ஓட விடுங்கள்.

பூ வருவதற்கு முன் என்றால் மருந்து தெளிக்கலாம். பொட்டாசியம் பைகார்பனேட் இதற்கு நன்றாக வேலை செய்கிறது. கந்தகமும் பழைய, நம்பகமான மருந்துதான்; ஆனால் வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும். எதை வாங்கினாலும் ஹெல்த் கனடா (கனடா அரசின் சுகாதாரத் துறை) பதிவு எண் இருக்கிறதா, லேபிளில் கஞ்சா என்று பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரோஜாவுக்கு விற்கும் பூஞ்சைக்கொல்லியை எடுத்துத் தெளித்துவிடாதீர்கள். மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி திராட்சைக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். கனடாவில் 2016-17 காலத்தில் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் கஞ்சாவில் இது இருந்ததால் சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சாப்பிடும் பயிருக்குச் சரியான மருந்து, புகைக்கும் பயிருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பூ வந்த பிறகு பூவின் மேல் எதையும் தெளிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கிளையில் பிடித்திருந்தால் அந்தக் கிளையை வெட்டுங்கள். அறுவடைக்குப் பின் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் பூவை அலசிக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள தூள் போகும், வெளுப்பாகவும் தெரியும்; இழைகள் பின்னிக் கிடந்த பூவை நான் அப்படிக் கழுவி வைத்துக்கொள்ள மாட்டேன். பூஞ்சை பிடித்த பூவைப் புகைப்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் நுரையீரலில் பெரிய தொந்தரவைக் கொண்டுவரலாம். வலிக்காக வளர்ப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பவர்கள் இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் குப்பையில் போடும்போது மனசு வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது.

அறுவடை நாளில் கடைசியாக ஒரு தடவை லென்ஸ் வேண்டும். ஒவ்வொரு கிளையையும் காயப்போடுவதற்கு முன், அடிப்பூவில் ஒன்று, நடுப்பூவில் ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். காய்ந்து சுருங்கிய பிறகு இழையையும் உடைந்த ட்ரைக்கோமையும் பிரித்தறிவது ரொம்பச் சிரமம்.

அக்டோபரில் செடியை வெட்டியதும் கீழே உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் வாரிவிடுங்கள். பழைய வெள்ளைத் திட்டுகளில் மிளகுத்தூள் போல கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை சாம்பல் நோய்ப் பூஞ்சை குளிர்காலத்தைத் தாண்டுவதற்காகக் கட்டிக்கொள்ளும் வித்துக்கூடுகளாக இருக்கலாம். அந்த இலைகளைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அடுத்த வருடச் செடிகளை வேலியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஒன்றுக்கொன்று இலை உரசாத இடைவெளியில், காலை வெயில் முதலில் விழும் பக்கமாக நடுங்கள்.